இதுக்கு வேற காப்பி இருக்கா?

சிறிய ஊரில் பிரேம் கடை போடப் பெரிய முதல் தேவையில்லை. பத்தடிக்குப் பத்தடி இடம், 45 டிகிரியில் அறுக்கும் மெஷின், மூலையில் வி-ஆணி ஏற்றக் காலால் மிதிக்கும் மெஷின், கண்ணாடி வெட்டும் கருவி, நீளமாக ஒரு மேசை, சுவரோரம் சாத்திவைக்க நாலைந்து ரகப் பட்டைகள். 2015-இல் வந்த முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய் வரையிலான ‘சிசு’ கடன் இந்த மாதிரிக் கடைகளுக்கென்றே அமைந்தது போல இருக்கும். வேலையையும் சில மாதங்களில் ஓரளவு பிடித்துவிடலாம். தொழிலின் பலம் இந்த எளிமைதான். கோளாறு கிளம்புவதும் இங்கிருந்துதான். வேலைக்கு வரும் பையன் பட்டையை அறுக்கக் கற்றுக்கொள்கிறான். பட்டைக்குள் போகும் காகிதத்தைப் பற்றி அவனுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

இதற்குக் காரணம் அலட்சியம் மட்டும் அல்ல என்பது என் எண்ணம். இந்தத் தொழில் சாமி படங்களால் வளர்ந்தது. ரவி வர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கியபின் லட்சுமியும் சரஸ்வதியும் வண்ண அச்சில் வீடுகளுக்குள் வந்தார்கள். பிறகு கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வங்கள் சிவகாசிக் காலண்டர்களில் ஏறின. வருஷம் முடிந்ததும் தேதித்தாள் இருந்த பகுதியை வெட்டிப் போட்டுவிட்டு, முருகனை மட்டும் பிரேம் போட்டு மாட்டிய வீடுகள் எத்தனையோ. அந்தப் படத்தின் ஓரத்தைப் பிரேமுக்கு ஏற்றபடி நறுக்கலாம், அட்டையில் பசை தடவி ஒட்டலாம், கண்ணாடியை நேராக மேலே வைத்து அழுத்தலாம். கெட்டுப்போனால் அடுத்த காலண்டரில் இன்னொரு முருகன் வருவார். கடைக்காரரின் கைப்பழக்கம் முழுக்க இப்படி மாற்று கிடைக்கும் படங்களில் உருவானது. அதே கை, தாத்தாவின் ஒரே போட்டோவையும் அதே மாதிரிதான் தொடுகிறது.

கைத்திறனில் குறை சொல்ல அதிகம் இல்லை. நாலு மூலைக்கு எட்டு வெட்டு. ஒவ்வொன்றிலும் அரை டிகிரி ஒரே பக்கமாகப் பிசகினால், மூன்று மூலைகளைச் சேர்த்து முடித்தபின் நாலாவதில் நாலு டிகிரி வாய் பிளந்து நிற்கும். நல்ல கடைக்காரர் இதைக் கோணமானி இல்லாமலே கண்ணால் பிடித்துவிடுகிறார். பட்டைக் கணக்கும் அப்படித்தான். படத்தின் சுற்றளவோடு பட்டை அகலத்தின் எட்டு மடங்கைக் கூட்ட வேண்டும். 12-க்கு 18 அங்குலப் படத்துக்கு ஓரங்குலப் பட்டை என்றால் 60-உம் 8-உம் சேர்ந்து 68 அங்குலம். பத்தடிப் பட்டையில் 52 அங்குலம் மிஞ்சும். அதில் 8-க்கு 10 படம் ஒன்றுக்குப் பிரேம் எடுத்துவிடலாம். ஈரங்குலப் பட்டையில் அதே பெரிய படம் போட்டால் மிச்சம் 44 அங்குலம்தான். சின்னப் படத்துக்கு 52 வேண்டும், ஆகவே துண்டு மூலையில் கிடக்கும். புதிதாகத் தொடங்குகிறவரின் லாபம் பெரும்பாலும் இந்த மூலையில்தான் முடங்குகிறது. பத்து ரகம் வாங்கி அடுக்குவதைவிட, அதிகம் போகும் மூன்று ரகத்தோடு தொடங்குவது நல்லது.

தேக்கா, சிந்தடிக்கா என்ற விவாதத்தில் நான் தேக்குப் பக்கம் முழுசாகச் சாய மாட்டேன். தேக்கில் சட்டத்தைச் சேர்த்தபிறகு இழைத்து, தேய்த்து, பாலீஷ் போட்டு மூலையை மறைக்கலாம். சிந்தடிக் பட்டையில் தங்க முலாம் முன்பே ஏறியிருக்கும். வெட்டு பிசகினால் வெள்ளைக் கோடு தெரியும், திருத்த வழியில்லை. ஆனால் அதைக் கரையான் தொடாது. மழைக்காலத்தில் ஓதம் ஏறும் சுவரில் அது சின்ன விஷயம் இல்லை.

இத்தொழிலின் மதிப்பு முழுதாகத் தெரிவது சாவு வீட்டில். காரியத்தன்று படத்திறப்பு. வீட்டில் இருப்பதோ ஆதார் அட்டைப் படம், இல்லாவிட்டால் கல்யாண குரூப் போட்டோவில் பின்வரிசையில் பாதி மறைந்த ஒரு முகம். ஸ்டூடியோக்காரர் அதை வெட்டியெடுத்துப் பின்னணி மாற்றிப் பெரிதாக்கித் தர, பிரேம் கடைக்காரர் அன்று மாலைக்குள் சட்டம் போட்டு, கீழே சின்ன சிவப்பு பல்பும் பொருத்திக் கொடுத்துவிடுகிறார். அழகான பிரேம்கள் இணையத்தில் கிடைக்கின்றன. ஆனால் நாளைக் காலைக்குள் வேண்டும் என்று இரவு எட்டு மணிக்கு வந்து நிற்கிறவருக்குத் தெருமுனைக் கடைதான் கதி. கண்ணாடி இன்னும் வழக்கொழியாததற்கும் இந்தப் படங்களே காரணம். வைத்த சந்தனத்தையும் குங்குமத்தையும் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். அக்ரிலிக் ஷீட் எடை குறைவுதான் என்றாலும் துடைக்கத் துடைக்கக் கீறல் விழும்.

ஆனால் அந்தக் கண்ணாடியே பழைய போட்டோவுக்கு எமன். கறுப்பு-வெள்ளைப் படத்தின் மேற்பரப்பு ஜெலட்டின். ஈரக்காற்றில் அது இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்கிறது. சில வருஷம் கழித்துப் பிரேமைப் பிரித்தால் முகம் கண்ணாடியோடு உரிந்து வரும். பின்னால் வைத்த மலிவு அட்டையின் அமிலம் தாளைப் பழுப்பாக்குகிறது. மாவுப் பசை ராமபாணப் பூச்சிக்கு விருந்து. ஓரம் நறுக்கியபோது, ஸ்டூடியோ முத்திரையும் யாரோ பென்சிலில் எழுதிவைத்த வருஷமும் குப்பைக்குப் போயிருக்கும்.

இவற்றையெல்லாம் மிஞ்சியது லேமினேஷன். படத்தைப் பலகையில் ஒட்டி, மேலே பிளாஸ்டிக் படலத்தைச் சூட்டில் அழுத்திவிடுகிறார்கள். உடையாது, எடை இல்லை, விலையும் குறைவு. மொபைலில் எடுத்த பிறந்தநாள் படத்துக்கு அது தாராளமாகப் போதும். ஃபைல் இருக்கிறது, வேண்டுமானால் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம். 1950-களின் கல்யாணப் போட்டோவின் அசலையே அப்படி ஒட்டிவிட்டால், படத்துக்குச் சேதமில்லாமல் பிரிக்க வழியே இல்லை.

இதற்கு மருந்தாக அருங்காட்சியகத் தரத்தை அப்படியே இறக்குமதி செய்யச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அமிலமற்ற அட்டையும் புற ஊதாக்கதிர் தடுக்கும் கண்ணாடியும் சாமி படத்துக்கு வீண் செலவு. கடைக்காரரும் வாங்க மாட்டார், வாடிக்கையாளரும் காசு தர மாட்டார். கண்ணாடிக்கும் போட்டோவுக்கும் நடுவே மவுண்ட் போர்டில் மெல்லிய வரம்பு ஒன்று கொடுத்தால் இரண்டும் தொடாது. பசைக்குப் பதில் நாலு மூலையிலும் காகித மடிப்பில் செருகலாம். பிரேமின் பின்புறம் கீழ் மூலைகளில் இரண்டு கார்க் துண்டு ஒட்டினால் சுவர் ஈரம் நேரே ஏறாது. மூன்றுக்கும் ஆகும் செலவு சொற்பம். தஞ்சாவூர் ஓவியக்காரர்கள் சுண்ணப் பூச்சும் கல்லும் புடைத்து நிற்பதால் கண்ணாடிக்கு இடைவெளி விட்டே பிரேம் போடுகிறார்கள். போட்டோவுக்கு அதைச் செய்யத் தடையாக இருப்பது பழக்கம் ஒன்றுதான்.

ஆகவே புதிதாகக் கடை வைப்பவர் இரண்டாவது அறுக்கும் மெஷினுக்கு முன்னால் ஒரு ஸ்கேனர் வாங்கட்டும். படத்தை வாங்கியதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி அளவு அல்ல, “இதுக்கு வேற காப்பி இருக்கா?” என்பது. இல்லை என்றால் ஸ்கேன் செய்து, பிரிண்டுக்குப் பிரேமோ லேமினேஷனோ போட்டு, அசலை உறையில் திருப்பித் தந்துவிடலாம். மாட்டேன் என்று சொல்லி அனுப்பினால் வாடிக்கையாளர் எதிர்க்கடைக்குப் போவார், அங்கே அசல் பலகையில் ஏறிவிடும். ஸ்கேன் செய்து கொடுத்தால் படமும் தப்பும், கடைக்கு ஸ்கேன், பிரிண்ட் கூலியும் சேர்ந்து வரும்.