மரத்துக்கும் விதி உண்டு

மதிப்புரைக்காக எனக்கு வந்து சேருகிற புஸ்தகங்கள் பெரும்பாலும் நாவல்களாகவே இருக்கும். இந்த மாதம் நான் படித்து முடித்ததோ 2019-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். இதை யாரும் எனக்கு அனுப்பி வைக்கவில்லை. நானாகவே தேடிப் பிடித்துப் படித்தேன். அப்படிப் படிக்க நேர்ந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மயிலாப்பூரில் எங்கள் தகப்பனார் கட்டிய வீடு இரண்டு கிரவுண்டு மனை. சகோதரர்கள் மூன்று பேரும் கலந்து பேசி, அதை ஒரு பில்டரிடம் கொடுத்து அடுக்குமாடி கட்டிக்கொள்வதென்று தீர்மானித்தோம். கொல்லையில் ஒரு வேம்பும் ஒரு மாமரமும் இருந்தன. வேம்புக்கு அறுபது வயசு இருக்கும். "இவற்றை என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று பில்டருடைய என்ஜினீயரைக் கேட்டேன். "கவலைப்படாதீங்க சார், எல்லாம் ரூல்படி செஞ்சிடுவோம்" என்றார் அந்தப் பிள்ளை. மரியாதையான பதில்தான். ஆனால் ரூல் என்ன சொல்லுகிறது என்று தெரியாமல் எப்படித் திருப்திப்படுவது?

பச்சைக்கென்று நிலம் கேட்கிற பகுதி அந்த விதிகளில் முக்கியமானது. திறந்தவெளி ஒதுக்கீடு என்று அதற்குப் பெயர். மனை 3,000 சதுர மீட்டருக்கு உட்பட்டிருந்தால் ஒன்றும் ஒதுக்க வேண்டியதில்லை. 3,000-க்கு மேல் 10,000 வரையில், சாலை போக மீதியில் பத்தில் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். இடம் கொடுக்க முடியாவிட்டால் வழிகாட்டி மதிப்புப்படி பணம் கட்டலாம். 10,000-க்கு மேற்பட்டால் பணம் கட்டித் தப்ப முடியாது. இடத்தையே தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும்.

ஏக்கர் கணக்கில் மனை பிரிக்கிற புறநகருக்கு இது நியாயமான விதி என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் மயிலாப்பூரில் உட்கார்ந்துகொண்டு படித்தால் வேறு மாதிரி இருக்கிறது. ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. அதாவது சுமார் 223 சதுர மீட்டர். 3,000 சதுர மீட்டர் என்றால் பதின்மூன்று கிரவுண்டுக்கு மேல். லஸ்ஸிலும் தியாகராய நகரிலும் அடையாறு காந்தி நகரிலும் பதின்மூன்று கிரவுண்டு வைத்திருக்கிற புண்ணியவான்கள் எத்தனை பேர்? இங்கே இடிகிற வீடுகள் ஒரு கிரவுண்டு, இரண்டு கிரவுண்டு, மிஞ்சினால் நாலு.

ஒரு தெருவில் இரண்டு கிரவுண்டு வீடுகள் இருபது இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் நாற்பது கிரவுண்டு. ஏறக்குறைய 8,900 சதுர மீட்டர். அவ்வளவும் ஒரே ஆளுடைய சொத்தாக இருந்தால் அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் நாலு கிரவுண்டு, கணக்கில் வந்துவிடும். இருபது பேருடைய சொத்தாக இருப்பதால் ஒரு சாண்கூட வராது. இருபது வீடுகளும் பத்து வருஷத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாக இடிகின்றன. இருபது கொல்லைகளும் போய்விடுகின்றன. யாரும் ஒரு விதியையும் மீறவில்லை. தெரு மட்டும் மொட்டையாகிவிடுகிறது.

மத்திய சர்க்கார் 2016-இல் மாநிலங்களுக்கென்று மாதிரிக் கட்டட விதிகள் வெளியிட்டது. பெரிய கட்டடங்களுக்கான நிபந்தனைகளில் மரத்தைப் பற்றி அது நேராகவே பேசுகிறது. 80 சதுர மீட்டர் நிலத்துக்கு ஒரு மரம் நட்டுப் பராமரிக்க வேண்டும். இருக்கிற மரங்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். நாட்டு மரங்களுக்கு முதலிடம். ஒன்றை வெட்டினால் மூன்று நட வேண்டும். நல்ல வாசகங்கள். ஆனால் 5,000 சதுர மீட்டருக்குக் குறைந்த கட்டடங்களுக்கு இந்த நிபந்தனைகள் இல்லை. போகட்டும், எங்கள் வீட்டுக்கும் பொருந்தும் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போட்டுப் பார்த்தேன். 446 சதுர மீட்டருக்கு ஐந்து மரம் வருகிறது. சந்தோஷமாக இருந்தது. பிறகு என்ஜினீயருடைய பிளானை விரித்தேன்.

பிளானில் மண் எங்கே இருக்கிறது? கட்டடத்துக்கும் சுற்றுச் சுவருக்கும் நடுவே விட்ட இடுக்கில் ஒரு பக்கம் தண்ணீர்த் தொட்டி, ஒரு பக்கம் ஜெனரேட்டர், ஒரு பக்கம் கார் போகிற வழி. மிச்சமிருந்த இடமெல்லாம் சிமெண்டுக் கல் பாவியாகிவிட்டது. வாசலில் மட்டும் பச்சை மையால் ஐந்து வட்டங்கள். "அது என்னப்பா?" என்றேன். "நெட்டிலிங்கம் சார். தொட்டியில வைப்போம்" என்றார்.

விமர்சகன் என்கிற முறையில் என்னுடைய முக்கியமான குறை இதுதான். விதி மரத்தை எண்ணுகிறது. மரம் நிற்கிற மண்ணை அளப்பதில்லை. தொட்டியிலிருக்கிற நெட்டிலிங்கம் ஒன்று. அறுபது வயசு வேம்பும் ஒன்று. தாத்தா செத்துப்போன வீட்டில், மூன்று குழந்தைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டால் கணக்குச் சரியாகிவிடும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மரத்தின் விஷயத்தில் தாராளமாகச் சொல்லுகிறோம்.

சின்ன மனைகளை யாரால் கண்காணிக்க முடியும் என்று கேட்கலாம். 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது அரை கிரவுண்டு வீட்டைக்கூட விட்டுவைக்கவில்லையே. பழைய வீடு, புது வீடு எல்லாவற்றுக்கும் விதி வந்தது. ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டே குழி தோண்டினார்கள். சர்க்கார் மனசு வைத்தால் விதி எந்தக் கொல்லைக்குள்ளும் நுழையும் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

முன்னோர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். கபாலீசுவரர் கோயிலுக்குப் புன்னை, திருவான்மியூர் மருந்தீசுவரர் கோயிலுக்கு வன்னி. எத்தனை மரம் என்று அவர்கள் எழுதி வைக்கவில்லை. எந்த மரம் என்று பெயர் சொன்னார்கள், பிராகாரத்தில் அதற்கு இடம் விட்டார்கள். தியாகராய நகரைப் போட்டவர்களும் அப்படித்தான். 1920-களில் ஏரியைத் தூர்த்து மனை பிரித்தார்கள். அது பெரிய நஷ்டந்தான். இருந்தாலும் பனகல் பார்க்குக்கும் நடேசன் பார்க்குக்கும் மனையோடு மனையாக இடம் ஒதுக்கினார்கள். வீட்டுக்காரனுடைய தயவை நம்பி மரத்தை விட்டுவிடவில்லை.

அடையாறு பிரம்மஞான சபையின் ஆலமரம் எல்லோருக்கும் தெரியும். 1989-இல் புயலில் அதன் தாய்மரம் சாய்ந்துவிட்டது. மரம் மட்டும் சாகவில்லை, விழுதுகள் தாங்கிக்கொண்டன. அந்த விழுதுகள் ஊன்றிக்கொள்ளச் சுற்றிலும் மண் இருந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். சுற்றிச் சிமெண்டு பூசியிருந்தால் விழுது எங்கே இறங்கியிருக்கும்?

மரத்துக்கு எதிர்க்கட்சியும் உண்டு. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயலில் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்ததைப் பார்த்தவர்களுக்கு, ஜன்னலுக்குப் பக்கத்தில் மரம் என்றால் இன்றைக்கும் பயமாகத்தான் இருக்கும். வேர் சுவரைப் பிளக்கிறது, சருகு குழாயை அடைக்கிறது என்பதும் பொய்யல்ல. ஆனால் வேர் ஓட முடியாமல் நாலு பக்கமும் தாரையும் கல்லையும் இறுக்கிவிட்டு, பிறகு மரம் விழுந்ததற்கு மரத்தையே திட்டுவது எந்த நியாயத்தில் சேர்ந்தது? பயப்படுகிறவர்களுக்கும் மருந்து மண்தான்.

ஆகையால் விதி மண்ணின் பாஷையில் பேச வேண்டும் என்பது என் அபிப்பிராயம். கிரவுண்டுக்கு ஒரு பத்தடிச் சதுரம் சிமெண்டு படாமல் இருக்கட்டும். அதன் கீழே தொட்டியும் வேண்டாம், மேலே காரும் வேண்டாம். மனையில் வயசான மரம் இருந்தால், அது நிற்கிற இடமே அந்தச் சதுரமாக இருக்கட்டும். கொல்லைப்புறத்தில் விட்டால் அடுத்த மனையின் சதுரத்தோடு சேர்ந்துகொள்ளும். நாலு வீட்டுக்கு ஒரு சின்னத் தோப்பு கிடைக்கும். 2019 விதிகள் சாதாரணக் கட்டடங்களுக்குத் தளப்பரப்புக் குறியீட்டை 1.5-லிருந்து 2 ஆக உயர்த்தின. வீட்டுக்காரனுக்கும் பில்டருக்கும் அது பெரிய லாபம். கொடுக்கிற சமயத்தில் நூறு சதுர அடி மண்ணைக் கேட்டிருந்தால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள்.

எங்கள் வேம்பு என்ன ஆயிற்று என்று வாசகர்கள் கேட்பார்கள். என்ஜினீயர் யோசித்துப் பார்த்து, "ஒரு கார் இடத்தை விட்டா வேம்பை வெச்சுக்கலாம் சார். மாமரம் முடியாது" என்றார். யாருடைய கார் என்ற கேள்வி வந்தது. சின்னத் தம்பிக்கு இரண்டு கார். நடுத்தம்பி, "அண்ணா, பின்னால் விற்கும்போது பார்க்கிங் இல்லாத பிளாட்டை யார் வாங்குவா?" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. எனக்குக் கார் கிடையாது, ஓட்டவும் தெரியாது. என் பங்கை விட்டுக்கொடுத்தேன். என் பிள்ளைக்கு இதில் வருத்தம், இன்னும் தீரவில்லை. மாமரத்தை வெட்டின அன்றைக்கு நான் வீட்டில் இல்லை; வேண்டுமென்றேதான் வெளியே போயிருந்தேன்.

வேம்பு நிற்கிறது. எதிர் வீட்டுக் கொல்லையில் இருந்த மரங்கள் போன மாதம் போய்விட்டன. அந்த வீட்டுக்காரர் கெட்டவர் அல்ல. அவருக்குக் கார் இருக்கிறது, அவ்வளவுதான். ஒரு தெருவில் நிழல் இருப்பதும் இல்லாததும் யாருக்குக் கார் இல்லை என்பதைப் பொறுத்திருக்கும்படி விட்டுவிட்ட விதிகளை, எவ்வளவு நல்ல எண்ணத்தோடு எழுதியிருந்தாலும், முழுமையானவை என்று நான் சிபாரிசு செய்வதற்கில்லை. அடுத்த பதிப்பில் திருத்துவார்கள் என்று நம்புகிறேன்.