15 கட்டங்களில் அடங்காத நாவல்

நாவல் எழுதக் கற்றுத்தரும் பயிலரங்குகள் பெருகிவிட்டன. அவற்றில் முதல் பாடமே கட்டமைப்புதான்: மூன்று அங்கம், சரிபாதியில் ஒரு திருப்பம், முக்கால் பங்கில் ஒரு வீழ்ச்சி, பிறகு உச்சம். இதை யாராவது மறுத்தால், ராகம் தெரியாமல் கச்சேரி செய்ய முடியுமா என்று கேட்கிறார்கள். ராகம் சங்கீதத்துக்குள்ளேயே விளைந்தது. இந்தச் சட்டகம் நாவலுக்குள் விளைந்ததல்ல.

சட்டகத்தால் பயன் உண்டு. பாதியில் நின்றுபோகும் முதல் நாவல்கள் ஏராளம். அடுத்து என்ன என்ற மலைப்பை அது குறைக்கிறது. துப்பறியும் கதைக்கும் வாரத் தொடருக்கும் நன்றாகவே பொருந்தும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க முடியாது.

இந்தச் சட்டகம் திரைக்கதையிலிருந்து வந்தது. சிட் ஃபீல்ட் 1979-இல் எழுதிய 'ஸ்கிரீன்பிளே' 120 பக்கத் திரைக்கதையை 30, 60, 30 என்று பங்கிட்டது. பிளேக் ஸ்னைடர் 2005-இல் 'சேவ் த கேட்' நூலில் 15 கட்டங்களை வகுத்தார். அவற்றை ஜெசிகா பிரோடி 2018-இல் நாவலுக்குக் கொண்டுவந்தார். திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம். இருட்டரங்கில் இரண்டு மணி நேரம் அமர்ந்திருப்பவரைப் பிடித்துவைக்கப் போட்ட கணக்கு அது. நாவல் வாசகர் நிறுத்துவார், முன்பக்கத்துக்குத் திரும்புவார், ஒரு வாரம் கழித்து மீண்டும் எடுப்பார். அவருக்கு அந்த நிமிடக் கணக்கு எதற்கு?

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. சம்பவங்களின் வரிசையையே கட்டமைப்பு என்று இந்த முறை பழக்கிவிடுகிறது. யார் சொல்கிறார், எந்தக் காலத்தில் நின்று சொல்கிறார், எதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார்: நாவலின் எலும்புக்கூடு இந்த முடிவுகளில்தான் இருக்கிறது. 15 கட்டங்களில் ஒன்றுகூட இவற்றைக் கேட்பதில்லை.

சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' (1966) எதைச் சுற்றி நிற்கிறது? எதையும் விரும்பாத, எதையும் செய்யாத ஒரு மரத்தைச் சுற்றி. நாயகனுக்கு ஓர் இலக்கு வேண்டும் என்ற பாடம் அங்கே முதல் அடியிலேயே பொய்த்துவிடுகிறது. தொடக்கத்தில் தாமோதர ஆசான் இளவட்டங்களுக்குப் பழங்கதை சொல்கிறார். அவர் விலகிய பிறகு கடைவீதிப் பகையும் நகராட்சித் தேர்தலும் பத்திரிகைச் செய்தியும் கதையை எடுத்துக்கொள்கின்றன. சொல்பவர் மாறும் அந்த இடத்திலேயே ஊர் மாறிவிட்டதும் நமக்குத் தெரிந்துவிடுகிறது. ஆசானைக் கடைசிவரை வைத்திருந்தால் இந்த நாவலே இல்லை. சுந்தர ராமசாமியே 1981-இல் எழுதிய 'ஜே.ஜே: சில குறிப்புகள்' நாயகன் ஜே.ஜே.யின் மரணத்தை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறது. பிற்பகுதியை அவனுடைய நாட்குறிப்புக்குக் கொடுத்துவிடுகிறது. அந்தக் கைப்பிரதி இன்று ஒரு பயிலரங்குக்குப் போனால், உச்சத்தை முதல் வரியில் வீணாக்கியிருக்கிறீர்கள் என்று திருத்தித்தான் திரும்பி வரும்.

எழுதத் தொடங்கும் ஒருவரிடம் கட்டங்களை நீட்டினால், தன் அனுபவத்தில் அவற்றுக்குள் அடங்குவதை மட்டுமே அவர் பார்க்கப் பழகுவார். அடங்காதது வெட்டுப்படும். அவருக்கே உரியது பெரும்பாலும் அதில்தான் இருக்கும். ஒருவரின் முதல் நாவலில் இப்படி நேர்வதைக் கற்பித்தல் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

கட்டமைப்பைக் கற்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. பிடித்த நாவல் ஒன்றை எடுத்து, அத்தியாயம் அத்தியாயமாக யார் பேசுகிறார், எத்தனை பக்கத்தில் எத்தனை ஆண்டு கழிகிறது என்று குறித்துப் பாருங்கள். உங்கள் முதல் வரைவை முடித்தபின் அதற்கும் அதையே செய்யுங்கள். மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்திறுதல் என நன்னூல் அடுக்கும் பத்துக் குற்றங்களையும் எழுதி முடித்த நூலில்தான் தேட முடியும். வரைவு கையில் இல்லாதவருக்குக் கட்டமைப்புப் பாடம் நடத்துவதைப் பயிலரங்குகள் நிறுத்த வேண்டும்.