அவை பாடிய பாட்டு

ஒரு பாடகர் மீது பல்லாயிரவர் கொள்ளும் அன்பைத் திறனாய்வுக்கு உரிய பொருளாக நம்மவர் பெரும்பாலும் கருதுவதில்லை. பாட்டை ஆராய்வார்கள், பாடியவரை ஆராய்வார்கள், கேட்டவன் என்ன ஆனான் என்று வினவமாட்டார்கள். அரபு அறிஞர்கள் இவ்வகையில் நம்மினும் கூர்மை உடையவர்கள். பாட்டு விளைவிக்கும் நிலைக்கு அவர்கள் 'தரப்' என்று பெயரிட்டனர். மிகுந்த மகிழ்ச்சியாலோ மிகுந்த துயராலோ மனிதனைப் பற்றிக்கொள்ளும் ஒரு நிலைகொள்ளாமை என்று அகராதிகள் அதற்குப் பொருள் உரைக்கும். பாடகனுக்கு அவர்கள் வழங்கும் பெயர் 'முத்ரிப்'. அந்த நிலையைப் பிறரிடம் எழுப்புகிறவன் என்பது அதன் பொருள். கேட்பவன் ஒருவன் எதிரே இல்லையாயின் அப்பெயரே பொருளற்றுப் போகும்.

இக்கட்டுரையில் நான் எடுத்துக்கொள்ளும் பாடகர் அரபியர் அல்லர். 'ராக்' என்னும் மேனாட்டு இசைவகையில் புகழ் பெற்றவர். குவீன் என்னும் ஆங்கில இசைக்குழுவில் பாடிய ஃபிரெட்டி மெர்க்குரியே அவர். இயற்பெயர் ஃபரோக் புல்சாரா. 1946 செப்டம்பர் 5 ஆம் நாள் ஸான்ஸிபார்த் தீவில், குஜராத்திலிருந்து சென்ற பார்ஸிக் குடும்பத்தில் பிறந்தார். மகாராஷ்டிரத்தின் பஞ்ச்கனி மலையூரில் விடுதிப் பள்ளியில் கல்வி கற்றார். 1964 இல் ஸான்ஸிபாரில் புரட்சி வெடித்தபோது குடும்பத்தோடு இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தார். 1970 இல் குவீன் குழு உருவாயிற்று. 1991 நவம்பர் 24 இல், தமக்கு எய்ட்ஸ் நோய் உண்டென்று உலகுக்கு அறிவித்த மறுநாளே, இறந்து போனார். வாழ்க்கை வரலாறு இவ்வளவு போதும். எஞ்சியதெல்லாம் அவருடைய சுவைஞர்களைப் பற்றியது.

ஒரு செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் இறந்த செய்தி வந்த வாரத்தில், என்னிடம் அரபு இலக்கணம் படித்த மாணவர் ஒருவர் விடுதி அறையில் அழுதுகொண்டிருந்தார். நான் அப்போது பணியில் சேர்ந்த புதிய ஆசிரியன். ஆசிரியன் என்பதை நிலைநாட்டவேண்டிய பதற்றமும் இருந்தது. "அழுவதற்கு உனக்கு வேறு ஆள் கிடைக்கவில்லையா?" என்று கடிந்து, அவரிடமிருந்த ஒலிநாடாவை வாங்கி அலமாரியில் பூட்டினேன். அதைக் கேட்டுப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கேளாமலே தீர்ப்பளித்தேன். ஹதீஸ் கலையில் அறிவிப்பாளரை ஆராயாமல் அறிவிப்பைத் தள்ளக்கூடாதென்று அந்த ஆண்டுதான் வகுப்பில் பாடம் நடத்தினேன் என்பதையும் மறைப்பதற்கில்லை.

இப்போது கேட்டிருக்கிறேன். கேட்ட பின் சொல்வது இது.

மெர்க்குரியை நாடகப் பாங்கான பாடகர் என்பார்கள். அது சரியே. 1974 இல் ஸாண்ட்ரா ரோட்ஸ் என்னும் ஆடைக்கலைஞர் சமைத்துத் தந்த, சிறகு விரித்தாற்போன்ற வெண்ணிற மடிப்பாடையில் அவர் மேடையேறினார். 1986 இல், இறுதிச் சுற்றுப்பயணத்தில், அரசர் அணியும் நீண்ட மேலங்கியும் மணிமுடியும் தரித்து வந்தார். ஒலிவாங்கியைத் தாங்கும் தண்டில் பாதியை மட்டும் கையில் பிடித்துச் செங்கோல்போல் சுழற்றினார். அன்றைய இசை விமரிசகர் பலர் இதைப் பகட்டு என்று இகழ்ந்தனர். கூத்துக்கலை அறிந்தவர் அப்படிச் சொல்லார். வேடம் கட்டியவன் அரசன் என்று அவையோர் நம்புவதில்லை. அரசன்போல் நடிக்க அவனுக்கு இசைவு தருகிறார்கள். மேடைக்கு வெளியே மெர்க்குரி கூச்சம் மிகுந்தவர், பேட்டி கொடுக்க அஞ்சியவர் என்று உடனிருந்தோர் கூறியுள்ளனர். அந்த மணிமுடியை அவர் தலையில் வைத்தவர்கள் எதிரே நின்றவர்களே.

இதற்கு வெறும் உவமை அல்லாத சான்றும் உண்டு. 1977 இல் இங்கிலாந்தின் ஸ்டாஃபர்டு நகரில், பிங்லி ஹால் என்னும் அரங்கில் குவீன் குழு பாடி முடித்தது. கலைஞர்கள் மேடையை விட்டு இறங்கிய பின்னும் கூட்டம் கலையவில்லை. கால்பந்தாட்டத் திடல்களில் பாடப்படும் ஒரு பாட்டை அவர்களாகவே எடுத்து, குழுவினரை நோக்கிப் பாடத் தொடங்கினர். கிதார்க் கலைஞர் பிரயன் மே இந்நிகழ்ச்சியைப் பின்னாளில் பலமுறை நினைவு கூர்ந்திருக்கிறார். அவைக்கும் ஒரு பங்கு தரும்படி பாட்டுக் கட்டவேண்டும் என்ற எண்ணம் அன்றுதான் உறுதிப்பட்டதாம். அதே ஆண்டில் அவர் ஒன்றும் மெர்க்குரி ஒன்றுமாக இரண்டு பாடல்கள் எழுதினர். மே எழுதிய பாட்டில் இறுதியில் கிதார் வரும்வரை இசைக்கருவியே கிடையாது. இருமுறை காலடி ஓசை, ஒருமுறை கைத்தட்டு, மேலே குரல். கையும் காலும் உடைய எவரும் அதில் பங்கு கொள்ளலாம். மெர்க்குரியின் பாட்டோ வெற்றியைப் பன்மையில் பேசுவது. உலகின் விளையாட்டுத் திடல்களில் எல்லாம் அவ்விரண்டும் இன்றும் ஒலிக்கின்றன. இயற்றியவர் பெயரறியாதோரும் பாடுகிறார்கள். நாட்டார் பாடலின் இலக்கணமும் அதுவல்லவா?

சுவைஞர் மன்றத்தாரையே குழுவினர் தம் படங்களில் நிறுத்தினர். மெர்க்குரியின் அந்தப் பாட்டுக்கு 1977 இல் படம் எடுத்தபோது அவையாக இருந்தவர்கள் மன்ற உறுப்பினர்கள். வானொலியைப் பற்றி ரோஜர் டெய்லர் எழுதிய ஒரு பாட்டுக்கு 1983 இன் இறுதியில் படப்பிடிப்பு நடந்தபோதும் அவ்வாறே. அதில் அவர்கள் கைகளைத் தலைக்குமேல் உயர்த்தி ஒரே நேரத்தில் இரட்டைத் தட்டுத் தட்டினார்கள். 1985 ஜூலை 13 இல், எத்தியோப்பியப் பஞ்சத்துக்கு நிதி திரட்ட லண்டன் வெம்பிளித் திடலில் பெருவிழா நடந்தது. சுமார் 72,000 பேர் கூடிய அவை. குவீனுக்காக மட்டும் வந்த கூட்டமன்று. குழுவினருக்குக் கிடைத்தது ஏறத்தாழ இருபது நிமிடம். அந்த வானொலிப் பாட்டு வந்தவுடன், திடல் முழுவதும் கைகள் உயர்ந்து அதே இரட்டைத் தட்டுத் தட்டின. எவரும் கற்பிக்கவில்லை. சில நூறு சுவைஞர் படத்தில் செய்ததை 72,000 பேர் நேரில் செய்தனர்.

அதன்பின் மெர்க்குரி சொல்லே இல்லாத ஓசைகளை எழுப்பினார்; அவை திருப்பிச் சொல்லிற்று. இன்னும் நீட்டினார், இன்னும் நீட்டிற்று. ஒருவர் பைத்து ஓத, சுற்றியிருப்போர் அடியெடுத்துக் கொடுக்கும் நம் மவ்லிது மஜ்லிஸ்களில் அமர்ந்து பழகிய எனக்கு, அக்காட்சியை ஒளிப்படத்தில் கண்டபோது அது அந்நியமாகப் படவில்லை. இரண்டின் நோக்கமும் வேறு, இடமும் வேறு என்பதை அறிவேன், ஒப்பாகச் சொல்லவில்லை. கேட்பவனின் தொண்டை திறக்கும் அந்தக் கணத்தின் அமைப்பைத்தான் சொல்கிறேன். உம்மு குல்ஸூமின் கச்சேரிகளில் எகிப்தியர் ஒரே அடியை மீண்டும் மீண்டும் பாடச் சொல்லிக் கூவியதும் இவ்வினத்ததே. அவ்வம்மையார் மறைந்த 1975 ஆம் ஆண்டில்தான் மெர்க்குரியின் பெரும்புகழ்ப் பாட்டு வெளிவந்தது என்பது எதற்கும் சான்றாகாத ஒரு தற்செயல். ஆயினும் குறித்து வைக்கிறேன்.

அந்தப் பாட்டு 'போஹீமியன் ராப்ஸடி'. ஏறக்குறைய ஆறு நிமிட நீளம். மன்றாட்டாகத் தொடங்கி, நடுவில் இத்தாலிய இசைநாடகமாக மாறி, பின் இடியோசையாகி அடங்கும். இவ்வளவு நீண்டதை வானொலி ஏற்காது என்று சொன்னவர்கள் இருந்தனர்; பிரிட்டனில் ஒன்பது வாரம் முதலிடத்தில் நின்றது. அதன் இசைநாடகப் பகுதியில் ஒருவனை விடுவிக்கக் கோரும் தரப்பும் மறுக்கும் தரப்பும் வாதிடுகின்றன. அந்த இடத்தில் 'பிஸ்மில்லாஹ்' என்னும் திருச்சொல் வருகிறது.

முதன்முறை கேட்டபோது எனக்கு உடல் ஒரு கணம் குறுகியது. கோமாளியின் பெயரும் சாத்தானின் பெயரும் வரும் கூட்டத்தில் அச்சொல்லுக்கு என்ன வேலை? சுவைஞர்கள் இதைப் பற்றி ஓயாமல் விவாதிக்கிறார்கள். பாடகர் பொருள் சொல்ல மறுத்துவிட்டார். கேட்பவரே கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். ஆகவே ஒருவர் அதைத் தாய்க்கு மகன் விடுக்கும் கடிதம் என்கிறார். ஒருவர் தம் பழைய வாழ்வைக் கொன்ற ஒருவனின் வாக்குமூலம் என்கிறார். ஒருவர் வெறும் ஓசை விளையாட்டு என்கிறார். என் கருத்து எளியது. பள்ளிவாசல்கள் நிறைந்த கல்நகரத்தில் பிறந்த குழந்தை அச்சொல்லைக் கேளாமல் வளர்ந்திருக்க இயலாது. இக்கட்டில் மனிதர் உச்சரிக்கும் சொல் அது என்பது பொருள் தெரியுமுன்பே செவிக்குத் தெரிந்திருக்கும். அப்பாட்டிலும் அது இக்கட்டில்தான் வருகிறது. மதிப்புக் குறைவாக ஆளப்பட்டது என்று என்னால் சொல்ல முடியவில்லை. மதிப்போடு ஆளப்பட்டது என்று வாதிடவும் மாட்டேன். பொருளறியாது அதைப் பாடும் கோடிப்பேரை நகைக்கவும் எனக்கு உரிமை குறைவு. பொருளறியாது ஓதும் நாவுகளை நாற்பதாண்டாக நம் மதரஸாக்களில் கண்டு வருகிறேன்.

சுவைஞர்களின் அன்பு பாராட்டுக்குரியது. அவர்களுடைய தீர்ப்பு எல்லாவிடத்தும் அவ்வாறன்று. அன்பு கொண்டவன் அளவையை இழப்பான் என்பதற்கு மூன்று இடங்களைக் காட்டுவேன்.

மெர்க்குரியின் குரல் நான்கு ஸ்தாயி எட்டியது என்பது அவர்களுடைய மாறாத நம்பிக்கை. 2016 இல் ஐரோப்பிய ஆய்வாளர் சிலர் அவருடைய ஒலிப்பதிவுகளை அளந்து ஆய்வொன்று வெளியிட்டனர். நான்கு ஸ்தாயி என்பதை அவர்களால் உறுதிப்படுத்த இயலவில்லை. பேச்சுக்குரல் ஆண்குரலின் நடுத்தரத்தது என்றும், அதிர்வின் வேகமும் தொண்டையிலிருந்து பிறந்த ஒருவகைக் கரகரப்புமே அக்குரலின் தனித்தன்மை என்றும் கண்டனர். எனக்கு இம்முடிவு பெருமையைக் கூட்டுவதாகவே தோன்றுகிறது. இயல்பில் நடுத்தரமான குரலை அவர் அவ்வளவு தூரம் கொண்டு சென்றார். சுவைஞர்களோ நான்கு ஸ்தாயியை விட்டுத்தர மறுக்கிறார்கள்.

அடுத்தது கனமானது. 1984 அக்டோபரில், நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவின் ஸன் ஸிட்டி என்னும் கேளிக்கை நகரில் குவீன் குழு பாடிற்று. உலகக் கலைஞர்கள் அந்நாட்டைப் புறக்கணித்திருந்த காலம். பிரிட்டனின் இசைக்கலைஞர் சங்கம் அவர்களுக்கு அபராதம் விதித்தது. ஐக்கிய நாடுகள் அவையின் கரும்பட்டியலிலும் அவர்கள் பெயர் ஏறியது. தாங்கள் அரசியல் அறியாதவர்கள், கேட்க விரும்பும் எவர்க்கும் பாடுவோம் என்பது குழுவினரின் விடை. இந்த விடை போதாது. அவையைத் தன் உயிராகக் கொண்ட கலைஞன், அந்த அவைக்குள் எவர் நுழைய முடியும், எவர் முடியாது என்று கேட்டே ஆகவேண்டும். அடுத்த ஆண்டு வெம்பிளியில் பசித்தவர்க்காகப் பாடியது இதைக் கழுவிவிட்டதென்று சுவைஞர் சிலர் எழுதுகிறார்கள். பெரும்பாலோர் எழுதுவதே இல்லை. அன்பு மறதியாக மாறும் இடம் இது.

மூன்றாவது, பொருள்கள். 2023 இல் அவருடைய உடைமைகள் லண்டனில் ஏலத்துக்கு வந்தன. முன்னதாக நடந்த காட்சியைக் காண 1,40,000 பேருக்கு மேல் சென்றனர். மீசை சீவிய வெள்ளிச் சீப்பு ஒன்று இலட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோயிற்று. சீப்பில் இசை இல்லை. ஆனால் அதே ஏலத்தில் ஒரு கதவும் விற்கப்பட்டது. கென்ஸிங்டன் பகுதியிலிருந்த அவருடைய இல்லத்தின் பச்சைத் தோட்டக் கதவு. அவர் இறந்த பின் உலகெங்கிலுமிருந்து வந்த சுவைஞர்கள் அதில் தம் சொற்களை எழுதியும் கீறியும் சென்றனர். 4,12,750 பவுண்டுக்கு அது போயிற்று. இந்த ஒரு பொருளின் விலை எனக்குப் புரிகிறது. பாடகர் தொட்ட கதவு என்பதற்காக அன்று. அதில் இருந்தது அவையின் கையெழுத்து.

அவர் பிறந்த தீவிலேயே 2006 இல் அவருடைய அறுபதாம் பிறந்தநாள் விருந்துக்கு நம் மார்க்கத்தவர் சிலர் எதிர்ப்புத் தெரிவிக்க, விருந்து கைவிடப்பட்டது. அவருடைய வாழ்க்கைமுறையைக் காரணம் காட்டினர். அவ்வாழ்க்கையை நம் நெறி ஏற்காது என்பது உண்மை. அவர் நம் நெறியைச் சேர்ந்தவர் அல்லர் என்பதும் உண்மை. கணக்குக் கேட்பவன் வேறொருவன் இருக்கிறான். அதே நகரில் 2019 இல் அவருக்கு அருங்காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. இசை, உள்ளத்தில் இல்லாத ஒன்றைப் புதிதாக வைப்பதில்லை, அங்கே இருப்பதைக் கிளறுகிறது என்னும் கருத்தைக் கஸ்ஸாலி இமாம் (ரஹ்) இஹ்யாவில் எடுத்தாள்கிறார்கள். ஆகவே கேட்டவனிடம்தான் கேட்கவேண்டும், உனக்குள் எது கிளறப்பட்டது என்று.

என் மாணவரிடம் அதை 1991 இல் நான் கேட்கவில்லை. அவர் பின்னர் லண்டனில் பணிக்குச் சென்றார். சில ஆண்டுகளுக்கு முன் அந்த இல்லத்தின் மதிலருகே நின்று எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். மதிலில் எழுதியிருந்தவை 2017 இலேயே துடைக்கப்பட்டுவிட்டன. வெறும் செங்கல்தான் தெரிந்தது. அன்று அங்கே பெயர் தெரியாத மூதாட்டி ஒருவரும் நின்றாராம். இருவரும் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்களாம். தம் தந்தையார் இறந்த ஆண்டு அந்த ஒலிநாடாவைக் கேட்டே உறங்கியதாக மாணவர் அந்த அம்மையாரிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் சொன்னதில்லை. கடிதத்தின் இறுதியில், "உஸ்தாத், அந்த ஒலிநாடா இன்னும் தங்களிடம் இருக்கிறதா?" என்று கேட்டிருந்தார்.

இருக்கிறது. அலமாரியைத் திறந்து பார்த்தேன். உறையின் உள்ளே அவர் கையால் பாடல்களின் பெயர்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். அதை ஒலிக்கச் செய்யும் கருவிதான் இப்போது வீட்டில் இல்லை. பேரப்பிள்ளை எங்கிருந்தோ ஒன்று வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறான்.