கேட்க ஆளில்லாத குரல்

பதிவாகியிருந்த செய்தி ஒரு நிமிடம் நாற்பது நொடி. முதல் ஆறு நொடியில் ஒரு பெரியவர் தொண்டையைச் செருமுகிறார். “ஹலோ... கிராணி இல்லீங்களா?” என்கிறார். வைத்துவிடுகிறார். மிச்சம் முழுக்க ‘டூட், டூட், டூட்’தான். பெட்டியில் இப்படிப் பதினோரு செய்திகள் இருந்தன. பதினொன்றையும் உட்கார்ந்து கேட்டேன்.

இடம் லாயாங் லாயாங்கில் ஒரு லோரி கொன்ட்ராக்டர் அலுவலகம். குளுவாங்குக்கும் கூலாய்க்கும் நடுவே ரயில் பாதையை ஒட்டிய சிற்றூர் அது, சுற்றிலும் செம்பனை. பக்கத்து உலு ரெமிஸ் தோட்டத்து டெலி டூரா மர வம்சத்தைச் செம்பனை விதை ஆய்வாளர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் அறிவார்கள். அவ்வளவு பேர் வாங்கிய வட்டாரத்தில், காலை ஐந்து மணிக்கு லோரி சேற்றில் சிக்கினால் யாரிடம் சொல்வது என்பது மட்டும் இன்னும் தீரவில்லை. அலுவலகம் திறப்பது எட்டு மணிக்கு. அந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான் முதலாளி கீபோன் எனப்படும் அலுவலகத் தொலைபேசி அமைப்போடு குரல் அஞ்சல் பெட்டியையும் வாங்கி மாட்டியிருந்தார். மாட்டியவன் நானல்ல. ஆனால் இருபது வருடமாக இதே தொழிலில் இருப்பதால் மாட்டியவன் எங்கே தவறினான் என்பது பார்த்தவுடன் தெரிந்தது.

கீபோனையும் குரல் அஞ்சலையும் ஒரு கம்பியால் கோத்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் கம்பி வழியே மூன்று சேதி போய்வர வேண்டும். அழைப்பு யாரைத் தேடி வந்தது என்பதைக் கீபோன் பெட்டிக்குச் சொல்ல வேண்டும். செய்தி வந்திருக்கிறது என்பதைப் பெட்டி கீபோனுக்குச் சொல்லி, உரியவரின் மேசையில் சிவப்பு விளக்கை எரிய வைக்க வேண்டும். அழைத்தவர் வைத்துவிட்டார் என்பதும் பெட்டிக்குத் தெரிய வேண்டும். முதலாவது தவறினால், ஸ்டோர் கிராணியைத் தேடியவரிடம் “எக்ஸ்டென்ஷன் எண்ணை அழுத்தவும்” என்று இயந்திரம் கேட்கும். அந்த எண் அவருக்கு எப்படித் தெரியும்? இரண்டாவது தவறினால் செய்தி பெட்டிக்குள்ளேயே கிடக்கும். மூன்றாவது தவறியதன் விளைவுதான் அந்தப் பதினோரு ‘டூட்’கள். அழைத்தவர் வைத்ததும் லைனில் வரும் பிஸி தொனியைக் கேட்டுத்தான் பெட்டி அதை அறிகிறது. நம் நாட்டு பிஸி தொனி 425 ஹெர்ட்ஸ் ஒற்றைத் தொனி. அமெரிக்காவில் 480-உம் 620-உம் கலந்த இரட்டைத் தொனி. பெட்டி அமெரிக்க அமைப்பிலேயே விடப்பட்டிருந்தது. தனக்குத் தெரியாத சத்தத்தை அது மனிதக் குரல் என்று நம்பி, சளைக்காமல் பதிவு செய்துகொண்டே இருந்தது.

இதைச் சரிசெய்ய எனக்குப் பத்து நிமிடம் ஆனது. ஆனால் பெரியவர் ஆறு நொடியில் வைத்துவிட்டாரே, அதை எந்த அமைப்பை மாற்றிச் சரிசெய்வது?

குரல் அஞ்சல் பிறந்த கதையில் இதற்குப் பாதி பதில் இருக்கிறது. கோர்டன் மேத்யூஸ் என்ற அமெரிக்கர் 1979-இல் விண்ணப்பித்து 1983-இல் காப்புரிமை பெற்றார். அவருடைய விஎம்எக்ஸ் நிறுவனத்தின் முதல் வாடிக்கையாளர் 3எம். ஒரே நாட்டுக்குள் பல நேர மண்டலங்கள், ஆளுக்கொரு மேசை, மேசைக்கொரு போன் என்றிருந்த அலுவலகங்களுக்காகச் செய்யப்பட்ட பொருள் அது. ஆளில்லாத போனிடம் பேசுவது அங்கே போகப்போகப் பழகிவிட்டது. நம் தோட்டத்து மனிதருக்குப் போன் என்றால் எதிரே ஓர் ஆள். அதிலும் கைப்பேசியில் வாய்ஸ்மெயில் பெண் பேசத் தொடங்கினால் காசு போய்விடும் என்று, முதல் சொல்லிலேயே வைத்துவிடப் பழகியவர் அவர். போதாக்குறைக்கு இந்தப் பெட்டி ஆங்கிலத்தில் தொடங்கி, பிறகு மலாயில், ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று அரை நிமிடம் பாடம் நடத்துகிறது. அவர் வைத்துவிட்டதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்படியானால் இது தேவையா என்று கேட்கலாம். பெரிய நிறுவனங்களே கேட்டுவிட்டன. கோக்கா கோலா 2014 இறுதியில் அட்லாண்டா தலைமையகத்தில் குரல் அஞ்சலை நிறுத்தியது. அடுத்த ஆண்டு ஜேபி மோர்கனும் நிறுத்தியது. ஒரு லைனுக்கு மாதம் பத்து டாலர் மிச்சம் என்று கணக்குச் சொன்னது. அந்தச் செய்தியைப் படித்தவர்கள் ஒன்றைக் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள். அங்கே பறிபோனது பெரும்பாலும் வாடிக்கையாளரோடு பேச வேண்டிய அவசியமில்லாத ஊழியர்களின் பெட்டிகள். வெளியாள் அழைக்கும் இடத்தில் கை வைக்க அவர்களும் யோசித்தார்கள்.

வாட்ஸ்அப் போதுமே என்பது அடுத்த வாதம். 2013-இல் அதில் குரல் செய்தி வந்தது முதல் என் வியாபாரமே பாதி படுத்துவிட்டது; ஆகவே நான் பேசுவதைக் கொஞ்சம் சந்தேகத்தோடேயே கேளுங்கள். வாட்ஸ்அப்பில் பேசுகிறவர் முகம் தெரிந்தவரிடம் பேசுகிறார். தயக்கமில்லை, பாதி மலாய் பாதி தமிழில் கொட்டிவிடுகிறார். அதன் பலம் அதுதான், பலவீனமும் அதுதான். செய்தி போவது அலுவலகத்துக்கு அல்ல, கிராணியின் சொந்தக் கைப்பேசிக்கு. கிராணி வேலை மாறினால் மூன்று வருடத்துப் பேச்சும் அவர் சட்டைப்பையோடு போய்விடும். யார் எப்போது என்ன சொன்னார் என்று பிறகு தகராறு வந்தால் முதலாளி பழைய கிராணியிடம் போய்க் கெஞ்ச வேண்டும். ஒழுங்காகக் கோத்த குரல் அஞ்சலில் செய்தி நாற்காலிக்குச் சொந்தம். உட்கார்பவர் மாறினாலும் அங்கேயே இருக்கும். என் கண்ணில் இந்த முறைக்கு இருக்கும் ஒரே பெரிய நியாயம் இதுதான். மற்ற வசதிகளெல்லாம் விற்பனைத் துண்டுத்தாளுக்கு ஆனவை.

அந்தத் துண்டுத்தாள் பெருமைப்படும் வசதி ஒன்று, செய்தியை ஒலிக்கோப்பாக மின்னஞ்சலுக்கு அனுப்புவது. நல்லதுதான், மின்னஞ்சலைத் திறக்க ஆள் இருந்தால். இந்த அலுவலகத்தில் அது போய்ச் சேர்ந்த முகவரியை யாரும் திறந்து பார்த்து ஒன்றரை வருடமாகியிருந்தது. குரல் அஞ்சல் பெட்டியின் கடவுச்சொல்லும் 1234. முன்னிருப்புக் கடவுச்சொல்லை மாற்றாத பெட்டிகளுக்குள் பிரிட்டனில் பத்திரிகையாளர்கள் நுழைந்து ஒட்டுக்கேட்டதால், 2011-இல் ஒரு வார இதழே மூடப்பட்டது. லோரி அலுவலகத்தை யார் ஒட்டுக்கேட்கப் போகிறார்கள் என்று முதலாளி சிரித்தார். ஒட்டுக்கேட்க வேண்டாம், பெட்டிக்குள் நுழைந்தவன் உங்கள் லைனில் வெளிநாட்டுக்குப் பேசினால் பில் யாருக்கு வரும் என்றேன். சிரிப்பு நின்றது.

பன்னிரண்டு பெட்டிகளில் பதினொன்றை அழித்தேன். நான்கு பேர் உள்ள அலுவலகத்துக்குப் பன்னிரண்டு எதற்கு? மெனுவை எடுத்துவிட்டேன். சிவப்பு விளக்கை முதலாளி அறையிலிருந்து, காலையில் வந்ததும் எல்லாரும் கோப்பி கலக்கும் மேசைக்கு மாற்றினேன். முதலாளியின் தங்கை மகள் தமிழில் ஒன்று, மலாயில் ஒன்று என இரண்டே வரி பேசிப் பதிவு செய்தாள்: “ஆபீஸ் இன்னும் திறக்கல. விஷயத்தைச் சொல்லுங்க, எட்டு மணிக்குக் கூப்பிடுறோம்.” எட்டு மணிக்குக் கூப்பிடுவது கிராணியின் வேலை என்று முதலாளியைக் கொண்டே சொல்ல வைத்தேன். அதைச் சொல்ல வைக்கத்தான், தொனியைச் சரிசெய்ததைவிட அதிக நேரம் பிடித்தது.

ஒரு மாதம் கழித்து, மழைக்குப் பிறகு இடி அடித்துப் போன ஒரு கார்டை மாற்றப் போனபோது கிராணி ஒரு செய்தியைப் போட்டுக் காட்டினார். அதே தொண்டைச் செருமல். “ஏம்மா, கிராணி வந்தா சொல்லிடும்மா, பதினாலாம் நம்பர் காட்டுல லோரி பொதைஞ்சு நிக்குது, டிராக்டர் வேணும்னு.” சற்று இடைவெளி. “சொல்லிடுவியாம்மா?” பதில் வருமென்று நான்கைந்து நொடி காத்திருந்து, அதன் பிறகுதான் வைத்திருக்கிறார். பெட்டியும் அந்த நொடியிலேயே பதிவை நிறுத்தியிருந்தது.