தைஸின் சமன்பாடும் தைஸின் வினாவும்

அறிஞர் ஒருவரைப் போற்றுவதற்கு இரு வழிகள் உள. அவருடைய பெயரை ஒரு விதிக்கோ சமன்பாட்டிற்கோ சூட்டி, மாணவர் அதனைத் தலைமுறை தலைமுறையாக மனனஞ் செய்யுமாறு விடுதல் ஒரு வழி. அவர் எழுப்பிய வினாவைத் தொடர்ந்து எழுப்புதலும், தேவைப்படின் அவரது கருத்துகளையே அவ்வினாவினால் சோதித்தலும் மற்றைய வழி. தரைக்கீழ் நீரியல் அறிஞரான சார்ள்ஸ் வேணன் தைஸ் (1900–1987) முதல் வகைப் போற்றுதலைக் குறைவின்றிப் பெற்றவர். இரண்டாவது வகை அவருக்கு எந்த அளவிற்குக் கிட்டியது என்பது ஆராயற்பாலது.

அமெரிக்காவின் சின்சினாற்றிப் பல்கலைக்கழகத்தில் புவிச்சரிதவியல் பயின்று 1929இல் கலாநிதிப் பட்டம் பெற்ற தைஸ், அந்நாட்டுப் புவிச்சரிதவியல் அளவை நிறுவனத்திற் சேர்ந்து நியூ மெக்சிக்கோ மாநிலத்திற் பணியாற்றினார். வரண்ட அம்மாநிலத்தில் விவசாயத்திற்குக் கிணற்று நீரே பல இடங்களிற் கதி. நீர் இறைக்கும்போது கிணற்றின் நீர்மட்டம் எவ்வளவு தாழும், அத்தாழ்வு எவ்வளவு தூரம் பரவும், அயற்கிணறு எப்போது பாதிக்கப்படும் என்பன அங்கு அன்றாட வினாக்கள். அக்காலத்தில் வழங்கிய, தீம் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1906இல் தந்த முறை இவற்றுக்கு முழுமையான விடை தரவில்லை. நீர்மட்டம் தாழ்ந்து ஒரு நிலையில் நின்றுவிட்டதாக அம்முறை கொண்டது. ஆகவே அதிற் காலத்திற்கு இடமிருக்கவில்லை. உண்மைக் கிணறுகளிலோ இறைக்க இறைக்க நீர்மட்டம் தாழ்ந்துகொண்டே செல்கிறது.

1935இல் வெளிவந்த தைஸின் கட்டுரை இக்குறையை நீக்கியது. திண்மப் பொருளொன்றில் வெப்பம் கடத்தப்படுவதும் நிலத்தின்கீழ் நீர் நகர்வதும் ஒரே பாங்கின என்பதை அவர் கண்டார். வெப்பநிலையின் இடத்தில் நீர்மட்டத்தையும், வெப்பக் கொள்ளளவின் இடத்தில் நீர்கொள் படையின் சேமிப்புத் திறனையும் வைத்தால், வெப்பவியலார் ஏலவே கண்ட தீர்வு கிணற்றுக்கும் பொருந்தும். காலம் இதன்மூலம் கிணற்றுக் கணிப்பினுட் புகுந்தது. ஒரு கிணற்றிலிருந்து சில மணி நேரமோ சில நாட்களோ நீர் இறைத்து, அருகிலுள்ள கிணறுகளின் மட்டத்தை அளந்து, படையின் கடத்துதிறனையும் சேமிப்புத்திறனையும் கணிக்கும் வழி பிறந்தது.

இச்சாதனையைத் தனியொருவரின் மேதைமையாகக் காட்டுவது புகழுரைகளின் வழக்கம். உண்மை அவ்வாறன்று. கணிதச் சிக்கலைத் தைஸ் தம் பல்கலைக்கழக நண்பரான கணிதவியலாளர் லூபினிடம் ஒப்படைத்தார். தீர்வைத் தந்த லூபின், கணிதத்தில் இது புதுமையன்று எனக் கருதி இணையாசிரியராகப் பெயர் சேர்க்க உடன்படவில்லை. கணித வல்லுநர் சாதாரணமெனக் கண்டது நீரியலுக்குப் பெரும் திருப்பமாயிற்று. துறைகளுக்கிடையே நிகழும் பரிமாற்றத்தின் இயல்பு இதனாற் புலனாகின்றது.

லூபினுக்கு முன்னரே குறிப்பிடப்படவேண்டியவர் ஒஸ்கார் எட்வேட் மைன்சர் (1876–1948). அளவை நிறுவனத்தின் தரைக்கீழ் நீர்ப் பிரிவை 1946 வரை, மூன்று தசாப்தங்களுக்கு மேலாக, வழிநடத்தியவர் இவர். 1923இல் இவர் வெளியிட்ட இரு நூல்கள் சிதறிக் கிடந்த துறைக்குப் பொதுவான கலைச்சொற்களையும் வரைவிலக்கணங்களையும் அளித்தன. 1928இல், தக்கோற்றா மணற்கற் படையை ஆராய்ந்து, அமுக்கம் குறையும்போது படையே சற்றுச் சுருங்கித் தன்னுள் இருந்த நீரை வெளிவிடுகிறது என்று இவர் வாதிட்டார். நீர்கொள் படை வெறும் குழாயன்று, அது ஒரு களஞ்சியமும் ஆகும் என்ற இக்கருத்தின்மீதே தைஸின் சமன்பாடு நிற்கிறது. அச்சமன்பாடு உடனடியாக எல்லோராலும் ஏற்கப்படவில்லை. அதே பிரிவைச் சேர்ந்த ஜேக்கப், வெப்ப ஒப்புமையை நாடாது, நீரோட்டத்தின் அடிப்படை விதிகளிலிருந்தே அதனை 1940இல் நிறுவிய பின்னரே ஐயம் அகன்றது. ஜேக்கப்பின் மாணவரும் ஈராக்கிற் பிறந்தவருமான ஹந்தூஷ், 1955இல் தம் ஆசிரியருடன் இணைந்து, அயற்படைகளிலிருந்து நீர் கசிந்து வரும் நிலைக்கும் அக்கோட்பாட்டை விரித்தார். வினாவைக் கண்டவர் ஒருவர்; ஒப்புமையைக் கண்டவர் ஒருவர்; நிறுவியவர் ஒருவர்; விரித்தவர் ஒருவர். ஆய்வு மரபு என்பது இதுவே.

எனினும் தைஸின் மிகச் சிறந்த பங்களிப்பு அவரது சமன்பாடன்று. 1940இல் அவர் எழுதிய, கிணற்று நீர் எங்கிருந்து வருகிறது என்ற சிறு கட்டுரையே அதனினும் ஆழமானது. மனிதன் கிணறு தோண்டுவதற்கு முன் இயற்கை ஒரு சமநிலையில் இருக்கிறது. மழையால் உட்புகும் நீரும், ஊற்றுகள், ஆறுகள், கடல், தாவரம் என்பவற்றின் வழியே வெளியேறும் நீரும் நீண்டகால நோக்கில் சமன். கிணறு இச்சமநிலையின்மீது சுமத்தப்படும் ஒரு புதிய வெளியேற்றம். அதனை மூன்று வழிகளிலேயே ஈடுசெய்யலாம்: உட்புகும் நீர் கூடவேண்டும், அல்லது இயற்கையாக வெளியேறும் நீர் குறையவேண்டும், அல்லது சேமிப்பு கரையவேண்டும். நான்காவது வழி இல்லை.

இவ்வாதத்தின் விளைவு பாரதூரமானது. ஆண்டுதோறும் மழையால் இவ்வளவு நீர் சேர்கிறது, அவ்வளவையும் அச்சமின்றி இறைக்கலாம் என்ற பொதுக்கணக்கு இதனாற் சரிகிறது. சேரும் நீர் ஏலவே எங்கோ செலவாகிக்கொண்டிருக்கிறது. அதனை எடுப்பவர் எந்த ஊற்றை வற்றச் செய்கிறார், எந்த ஆற்றைக் குறைக்கிறார் என்பதே கேள்வி. 'பாதுகாப்பான விளைவு' என்ற எண்ணக்கருவிற்கு 1923இல் வரைவிலக்கணம் வகுத்தவர் மைன்சரே. அதன் அடித்தளத்தைக் கேள்விக்குள்ளாக்கிய இக்கட்டுரை, மைன்சர் தலைமை வகித்த காலத்திலேயே, அவரது பிரிவைச் சேர்ந்த ஒருவரால் எழுதப்பட்டது. வழிகாட்டி ஒருவரின் வெற்றிக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. தம் சொற்களைத் திருப்பிச் சொல்வோரை மட்டும் உருவாக்கும் ஆசிரியரிடமிருந்து இத்தகைய கட்டுரை பிறவாது.

ஆயின் பின்வந்தோர் செய்தது என்ன? சமன்பாடு பாடநூல்களில் நிலைபெற்றது, வாதம் மறக்கப்பட்டது. 42 ஆண்டுகளின் பின், 1982இல், பிரெடஹோவ்ற், பப்படோபுலோஸ், கூப்பர் என்னும் மூவரும் நீர்ப் பாதீட்டுக் கணக்கு ஒரு கட்டுக்கதை என்று எழுதித் தைஸின் கருத்தை மீள நினைவூட்ட வேண்டியதாயிற்று. பரீட்சைக்கு உதவுவதை ஏற்று, கொள்கையைத் தொந்தரவு செய்வதை ஒதுக்கும் போக்கு இத்துறைக்கு மட்டும் உரியதன்று.

தைஸும் விமர்சனத்திற்கு அப்பாற்பட்டவரல்லர். அவரது சமன்பாடு எல்லையற்ற, எங்கும் ஒரே தன்மையுடைய படையைக் கற்பிக்கிறது. வெடிப்புகளும் குகைகளும் நிறைந்த சுண்ணக்கல்லில் அதனை அவதானமின்றிப் பயன்படுத்தல் பிழை தரும். இதைவிட முக்கியமான குறை 1940ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே உண்டு. பயனற்ற தாவரங்கள் உறிஞ்சுவதும் ஆவியாவதுமான நீர் வீணாகிறது என்றும், அத்தகைய இடங்களுக்கு அண்மையிற் கிணறுகளை அமைத்து அந்நீரை மீட்கலாம் என்றும் அவர் கருதினார். வரண்ட நிலத்தின் விவசாயத்தை முன்வைத்து எழுந்த நோக்கு அது. வெளியேறும் நீருக்கும் ஒரு பணி இருக்கக்கூடும் என்பது அதிற் போதிய அளவு எண்ணப்படவில்லை.

அப்பணியை யாழ்ப்பாணக் குடாநாட்டைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் அரிது. வற்றாத ஆறு எதுவுமற்ற அந்நிலத்தில், மயோசீன் காலச் சுண்ணக்கல்லில் தேங்கும் மழைநீர் கடலின் உவர்நீர்மீது மிதக்கிறது. கடல்மட்டத்திற்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு அது உவரை அழுத்தி வைத்திருக்கும் என்பது நீரியலார் கண்ட தொடர்பு. கீரிமலையிற் கடலோரத்தில் ஊறும் நன்னீரைக் கண்டு, அது வீணே கடலிற் சேர்கிறதே என இரங்குவோர் உளர். அவ்வாறு கடலை நோக்கிச் செல்லும் நீரோட்டமே உவரை உட்புகாது தடுக்கிறது. துலாவின் இடத்தை இயந்திரப் பம்பி பிடித்தபின், எவ்வளவு மழை பெய்தது என்று கணக்கிடுவதோடு நிற்றல் போதாது. இறைக்கப்படும் ஒவ்வொரு வாளியும் எந்த வெளியேற்றத்திலிருந்து கழிகிறது என்று கேட்டல் வேண்டும். அக்கேள்வி தைஸ் கற்பித்தது. தைஸின் விடையைத் திருத்துவதும் அதுவே.

மைன்சரின் வரைவிலக்கணத்தைத் தைஸ் போற்றிய முறை, அதனைக் கேள்விக்குள்ளாக்கியமையே. தைஸைப் போற்றுதலும் அம்முறையில் அமைதல் தகும். சமன்பாட்டை மனனஞ் செய்தவர் பரீட்சையிற் சித்தியெய்துவர். கிணற்றில் ஊறும் நீர் எங்கிருந்து வருகிறது, அது வராதிருப்பின் எங்கு சென்றிருக்கும் என்று கேட்பவரே அவ்வறிஞரின் மாணவராவர்.