அடுத்தவர் கொடுத்த பட்டியல்

திட்ட மேலாளர்களுக்கான பிஎம்பி சான்றிதழ்த் தேர்வை எழுதத் துணிந்தவர், ஏற்கெனவே தேறிய ஒருவரிடம் முதலில் கேட்பது “நீங்க என்ன படிச்சீங்க?” என்றுதான். உடனே ஒரு பட்டியல் கைக்கு வந்துவிடும். தடித்த புத்தகம் ஒன்று, யூடெமி வகுப்பு ஒன்று, கேள்வி வங்கி ஒன்று, சூத்திரங்கள் அடங்கிய தாள் ஒன்று. சென்னை ஓஎம்ஆர் அலுவலகங்களிலும் துபாய் கட்டுமானத் தளங்களிலும் நம்மவர்களிடையே இந்தப் பட்டியல்தான் வாட்ஸப்பில் கைமாறுகிறது.

இந்த வழக்கத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. தேர்வுக்கு விண்ணப்பிக்கவே 35 மணி நேர முறையான பயிற்சி பெற்றதாகக் காட்ட வேண்டும். வீட்டில் உட்கார்ந்து புத்தகம் படித்த நேரம் அந்தக் கணக்கில் சேராது. குறைந்த செலவில் அந்தச் சான்றைத் தரும் வகுப்பு எது, எதில் பாடம் உருப்படியாக இருக்கிறது என்பதை அனுபவப்பட்டவர்தான் சொல்ல முடியும். விளம்பரத்தை நம்பிப் பெருந்தொகை கட்டுவதைவிட, தேறியவரின் சொல்லைக் கேட்பது எவ்வளவோ மேல்.

ஆனால், அந்தப் பட்டியலில் முக்கியமான இரண்டு விவரங்கள் இருப்பதில்லை. கொடுத்தவர் எந்த ஆண்டு தேர்வு எழுதினார்? அதற்கு முன் என்ன வேலை பார்த்தார்?

ஆண்டை எடுத்துக்கொள்வோம். தேர்வை நடத்தும் பிஎம்ஐ அமைப்பு 2017இல் வெளியிட்ட பிஎம்பாக் வழிகாட்டியின் ஆறாம் பதிப்பு 750 பக்கங்களைத் தாண்டியது. அதில் 49 செயல்முறைகள். ஒவ்வொன்றுக்கும் உள்ளீடுகள், கருவிகள், வெளியீடுகள் என்று நீளும் அட்டவணைகள். அவற்றை மனப்பாடம் செய்வதே படிப்பு என்று ஒரு தலைமுறை நம்பியது. 2021 ஜனவரியில் தேர்வு மாறியது. புதிய பாட வரைவு மனிதர்களைக் கையாள்வதற்கு 42 சதவீதமும், செயல்முறைக்கு 50 சதவீதமும், வணிகச் சூழலுக்கு 8 சதவீதமும் ஒதுக்கியது. கேள்விகளில் ஏறக்குறைய பாதி, சிறு சுற்றுகளாக வேலையை நகர்த்தும் ஆஜைல் முறையையும், அதைப் பழைய முறையோடு சேர்த்த கலப்பு முறைகளையும் பற்றியவையாக இருந்தன. அதே ஆண்டு வந்த ஏழாம் பதிப்பு, 12 கோட்பாடுகள், 8 செயல்திறன் களங்கள் என்று வேறு உருவமே எடுத்தது. 2019இல் தேறியவரின் பட்டியலை நம்பி அட்டவணையை உருப்போட்டவர், 2021இல் தேர்வு மையத்தில் சந்தித்தது வேறொரு தேர்வை.

அதற்காகப் பழைய பதிப்பைக் குப்பை என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஏழாம் பதிப்பை மட்டும் படித்து ஒரு திட்டத்தின் கால அட்டவணையைப் போடக் கற்றுக்கொள்ள முடியாது. அது கோட்பாட்டு உயரத்திலேயே நிற்கிறது. செயல்முறைகளை விளக்கத் தனியே ஒரு நடைமுறைக் கையேட்டைப் பிஎம்ஐயே பின்னர் வெளியிட வேண்டியிருந்தது. எந்தப் பதிப்பானாலும் பிஎம்பாக், சந்தேகம் வரும்போது புரட்டிப் பார்க்க வேண்டிய நூல். முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படிக்கும் பாடப்புத்தகமாக அதை எடுத்தவர்கள் பெரும்பாலும் பாதியில் களைத்துப்போகிறார்கள்.

இரண்டாவது விவரம் இன்னும் முக்கியம். வளைகுடாவில் பத்தாண்டு கட்டடம் கட்டிய பொறியாளருக்கு ஒப்பந்த வகைகள், பணி வரிசை, செலவுக் குறியீடு எல்லாம் கைவந்தவை. ஆஜைலில் வரும் ஸ்பிரிண்ட் (குறுகிய வேலைச் சுற்று), பேக்லாக் (செய்ய வேண்டியவற்றின் பட்டியல்) என்றால் தடுமாறுவார். சென்னையில் ஸ்க்ரம் என்ற ஆஜைல் முறையில் குழுவை நடத்துபவருக்கு நிலைமை நேரெதிர். கொள்முதல் ஒப்பந்தத்தை அவர் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். இருவருக்கும் ஒரே பட்டியலைக் கொடுத்தால், இருவருமே தெரிந்ததைத் திரும்பப் படித்துத் தெரியாததை மேலோட்டமாகக் கடந்துவிடுவார்கள். தெரிந்ததைப் படிக்கும்போது வேகமாக முன்னேறுவது போல இருக்கும். அந்த நிம்மதிதான் ஆபத்து.

இப்போது கேள்வி வங்கிக்கு வருவோம். படிப்புப் பொருள்களில் மிகவும் பயனுள்ளது இதுதான். மிகவும் தவறாகப் பயன்படுவதும் இதுதான். தேர்வுப் பாணியில் நான் அமைத்த ஒரு கேள்வி இது: ஆஜைல் குழு ஒன்றில், ஸ்பிரிண்ட் நடுவே வாடிக்கையாளர் தரப்பு மேலாளர் ஒருவர் குழு உறுப்பினரிடம் நேரடியாக ஒரு புதிய வசதியைக் கேட்கிறார், அவரும் வேலையைத் தொடங்கிவிட்டார். திட்ட மேலாளர் முதலில் என்ன செய்ய வேண்டும்? அ) உயரதிகாரியிடம் புகார் செய்வது. ஆ) மாற்றக் கட்டுப்பாட்டுக் குழுவுக்கு விண்ணப்பம் அனுப்புவது. இ) உறுப்பினரிடமும் தயாரிப்பு உரிமையாளரிடமும் பேசி, கோரிக்கையைப் பேக்லாகில் சேர்த்து முன்னுரிமை முடிவு செய்ய வைப்பது. ஈ) ஸ்பிரிண்ட் முடியும்வரை பொறுத்திருப்பது.

விடை ‘இ’. அதைத் தெரிந்துகொள்வதில் பெரிய லாபமில்லை. ‘ஆ’ ஏன் தவறு என்பதில்தான் பாடம் இருக்கிறது. பணி வரம்பை முன்கூட்டியே உறுதிசெய்த திட்டத்தில் ‘ஆ’ சரியாகவே இருக்கக்கூடும். கேள்வியில் உள்ள ‘ஆஜைல்’ என்ற ஒரு சொல் விடையை மாற்றிவிடுகிறது. தவறான ஒவ்வொரு விடைக்கும் காரணம் சொல்லும் வங்கிக்குப் பணம் கொடுக்கலாம். விடை எழுத்தை மட்டும் தருவது, ஆயிரம் கேள்வி கொடுத்தாலும் வேண்டாம். “முதலில் ஆராய், நேரில் பேசு, உடனே மேலே கொண்டுபோகாதே” என்று பயிற்சியாளர்கள் சொல்லித்தரும் மனப்போக்கு விதிகளுக்கும் இதே அளவுகோல்தான். பிஎம்ஐ எதிர்பார்க்கும் நடத்தையை அவை நன்றாகச் சுருக்கித் தருகின்றன. சூழலைப் படிக்காமல் அவற்றைப் பொருத்தினால், மேலிடத்துக்குக் கொண்டுபோகவே வேண்டிய கேள்வியில் தவறிவிடுவோம்.

மாதிரித் தேர்வில் 70 சதவீதம் எடுத்தால் போதும் என்பது வெறும் செவிவழிச் செய்தி. தேர்ச்சி மதிப்பெண்ணைப் பிஎம்ஐ வெளியிடுவதே இல்லை. 2021இல் வந்த வடிவத்தில் 180 கேள்விகளுக்கு 230 நிமிடம். ஒரு கேள்விக்கு ஒன்றேகால் நிமிடம் சொச்சம். தமிழில் இந்தத் தேர்வு கிடையாது என்பதால், நீண்ட ஆங்கிலக் கேள்வியை வேகமாகப் படிக்கும் பயிற்சியும் நமக்குச் சேர்ந்தே வேண்டும். தமிழ் வீடியோக்கள் கருத்தைப் புரியவைக்கும். அந்த வேகத்தைத் தராது. முழு நீள மாதிரித் தேர்வை ஒரே அமர்வில் எழுதிப் பார்க்க வாய்ப்பில்லாத வங்கி அரைகுறையானது.

‘உண்மைத் தேர்வில் வந்த கேள்விகள்’ என்று விற்கும் பிடிஎஃப்களைத் தொடவே கூடாது. கேள்விகளை வெளியிட மாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் எல்லோரும் தேர்வு எழுதுகிறார்கள். அதை மீறியவரிடம் விலைக்கு வாங்குவது, தொழில் நெறியையும் சோதிக்கிற ஒரு தேர்வுக்குச் செய்யும் அவமரியாதை.

பட்டியலை வாங்கும் முன் கையில் இருக்க வேண்டியது தேர்வின் பாட வரைவு. பிஎம்ஐ தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 2021 வரைவில் 35 பணிகள் இருந்தன. அப்படி ஒவ்வொரு பணிக்கும் எதிரே ‘செய்திருக்கிறேன்’, ‘கேள்விப்பட்டிருக்கிறேன்’, ‘தெரியாது’ என்று குறித்தால், எந்தப் புத்தகம் தனக்கு வேண்டும் என்பது தானே தெரிந்துவிடும். பெரும்பாலானவர்களுக்கு ஒரு வகுப்பு, நல்ல விளக்கமுள்ள ஒரு கேள்வி வங்கி, புரட்டிப் பார்க்கப் பிஎம்பாக் ஆகிய மூன்றே போதும். உறுப்பினராகச் சேர்ந்தால் பிஎம்பாக் பிடிஎஃப் தனி விலையில்லாமல் கிடைக்கும்.

தேறியவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்தவருக்குப் பட்டியல் அனுப்பும்போது, நீங்கள் தேர்வு எழுதிய மாதம், ஆண்டு, பார்த்த வேலை மூன்றையும் அதன் தலைப்பிலேயே எழுதி அனுப்புங்கள். பெறுபவர்கள், பணம் கட்டும் முன் பாட வரைவு அமலுக்கு வந்த தேதியையும் உங்கள் தேர்வுத் தேதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.