செவ்வாய்ப்பேட்டையைச் சுற்றி நடக்க நாலு திசை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மண்டிக் கடைகளுக்கும் மூட்டை இறக்கும் லாரிகளுக்கும் நடுவே கொஞ்சம் நிமிர்ந்து பார்த்தால் போதும், எந்தத் திசையிலும் ஒரு மலை நிற்கும். வடக்கே நகரமலை, அதன் பின்னால் சேர்வராயன். தெற்கே ஜருகுமலை. மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. இன்னும் தெற்கே நாமக்கல் பக்கம் போனால் போதமலையும் கொல்லிமலையும். இப்படி நாலு பக்கமும் மலை வாய்த்த ஊரில், மலைக்குப் போவதென்றால் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறும் ஏற்காடு பஸ் என்று பலர் முடித்துக்கொள்கிறார்கள். நடந்தே போகிறவர்கள் சிலர் உண்டு. அவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் எந்த மலை அழகு என்று சொல்ல மாட்டார்கள். எந்தத் தடம் நல்ல தடம் என்றுதான் சொல்வார்கள்.

நல்ல தடத்தை யாரும் வரைபடத்தில் கோடு போட்டு உண்டாக்கவில்லை. மோட்டார் சாலை வருமுன் மலையில் விளைந்தது தலைச்சுமையாகவும் மட்டக்குதிரை முதுகிலும்தான் கீழே வந்தது. சுமையோடு இறங்குகிறவன் நெட்டுக்குத்தாக இறங்க மாட்டான்; சரிவுக்குக் குறுக்கே சாய்ந்து சாய்ந்து போவான். மழைநீர் பாதையை அரிக்காத இடமாகப் பார்ப்பான். மூச்சு வாங்குகிற இடத்தில் நிழல் தரும் மரமோ உட்காரப் பாறையோ இருக்கும்படி வழி பழகிவிடும். அப்படிப் பல தலைமுறைக் கால்கள் திருத்தித் திருத்திச் செய்த ஒற்றையடிப் பாதையில் நடப்பது கைதேர்ந்த தச்சர் இழைத்த மரத்தைத் தடவிப் பார்ப்பதுபோல.

தடம் எளிதா கடினமா என்பதை தூரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892-இல் ஒரு கணக்குச் சொன்னார்: சமதரையில் மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டர். அவர் கணக்குப்படி ஏற்றத்துக்கு மட்டுமே இரண்டு மணி நேரம் போய்விடும். குளிர் நாட்டுக்காரர் சொன்ன கணக்கு அது. சேலத்துப் பாறைச் சரிவில் காலை பத்து மணி வெயில் முதுகில் விழுந்தால் இன்னும் ஒரு மணி நேரம் கூட்டுவதே நியாயம்.

அந்த ஏற்றத்தை முழுசாக ருசிக்க கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து குண்டூருக்கு ஏறும் தடத்தில் போக வேண்டும். அடிவாரத்தில் முள்ளும் கள்ளியும் உசிலையுமான வறண்ட காடு. திரும்பிப் பார்த்தால் சுண்ணாம்புக்கரட்டின் மேக்னசைட் சுரங்கங்கள் வெள்ளை வெளேரென்று தெரியும். ஏற ஏற காற்று மாறுகிறது, மரம் உயர்கிறது. உச்சிப் பக்கம் காபித் தோட்டம், அதற்கு நிழலாக சில்வர் ஓக், அதில் சுற்றிய மிளகுக்கொடி. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த காபி, இந்த மலையின் முகத்தையே மாற்றிவிட்டது. பஸ்ஸில் முக்கால் மணி நேரத்தில் கண்ணை மூடித் திறப்பதற்குள் கடந்துவிடுகிற இந்த மாற்றத்தைக் காலால் அடி அடியாக அறிகிறவர்களுக்குத்தான் சேர்வராயன் பிடிபடும். தோட்டத்து ஓரங்களில் காட்டெருமை நிற்கும். அது வழி விடும்வரை நின்றுதான் போக வேண்டும்.

மேலே 1,623 மீட்டர் உயரத்தில் சேர்வராயன் கோயில், குகைக்குள். அண்ணன் தம்பி மூவர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து சேர்வராயன், கொல்லி, பச்சைமலை என்று ஆளுக்கொரு மலையில் குடியேறியதாக மலையாளி பழங்குடியினரிடம் ஒரு கதை உண்டு. இந்தத் தடங்களில் பெரும்பகுதி அவர்கள் நடந்து உண்டாக்கியவை.

குழந்தைகளையும் வயதானவர்களையும் கூட்டிப்போக கஞ்சமலை. அதை ஏற வேண்டாம், பௌர்ணமி இரவில் கிரிவலம் போகிறவர்களோடு சுற்றி வந்தால் போதும். பகலில் போனால் பையில் ஒரு காந்தம் இருக்கட்டும். மலையின் இரும்புத்தாது கலந்த கறுத்த மணல் அதில் அப்பிக்கொள்ளும். சேலம் உருக்காலை இந்த மலையடியில் ஏன் இருக்கிறது என்று பிள்ளைகளுக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

படிக்கட்டு ஏற்றங்கள் தனி ரகம். திருச்செங்கோட்டில் சுமார் 1,200 படி. வழியில் பாறையில் செதுக்கிய பெரிய நாகம், சத்தியம் செய்வதற்குப் பேர்போன அறுபதாம் படி. சேந்தமங்கலம் அருகே நைனாமலை இதைவிடப் பல மடங்கு கடுமை, புரட்டாசி சனிக்கிழமைகளில் அதையும் பாட்டிகள் ஏறிவிடுகிறார்கள்.

கொல்லிமலையில் மட்டும் கணக்கு தலைகீழ். எழுபது கொண்டை ஊசி வளைவு வண்டியில் ஏறி அறப்பளீஸ்வரர் கோயிலருகே இறங்கினால், ஆகாயகங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் கீழே இறங்குகின்றன. அருவிச் சாரலில் உடம்பு இளகிய பிறகுதான் ஏற்றமே ஆரம்பம். இறங்கும்போது துள்ளிக் குதித்த இளைஞர்கள் திரும்பும்போது பத்துப் படிக்கு ஒரு தரம் உட்கார்வதை அங்கே எந்த ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் ஆசைப்பட வேண்டாம்.

மலையில் கவனக்குறைவுக்கு விலை பெரிது. 2018 மார்ச் 11-இல் தேனி குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேற்றம் போனவர்கள் 23 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு தமிழக அரசு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 14 மாவட்டங்களில் 40 வழித்தடங்களை எளிது, மிதம், கடினம் என்று பிரித்து, உள்ளூர் வழிகாட்டிகளோடு முன்பதிவு முறையில் திறந்தது. சேலத்துக்குக் குண்டூரும் நாகலூர் – சந்நியாசிமலையும் அதில் கிடைத்தன. அனுமதி வாங்குவது தொல்லை என்று அலுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. குரங்கணிக்குப் பிறகு அந்த அலுப்புக்கு இடமில்லை.

ராசிபுரம் அருகே போதமலைக்கு வந்தால் ரசனை கொஞ்சம் அடங்கிப் பேச வேண்டியிருக்கிறது. கீழூர், மேலூர், கெடமலை என்ற மலையூர்களுக்கு நடைதான் ஒரே வழியாக இருந்தது. தேர்தலுக்கு வாக்குப்பதிவு இயந்திரங்களைக்கூட வடுகம் அடிவாரத்திலிருந்து தலைச்சுமையாகத்தான் கொண்டுபோனார்கள். நோயாளியைத் தூளி கட்டித் தூக்கி இறங்குகிறவர்களிடம் பாதையின் அழகைப் பேச முடியாது. அவர்கள் பல தலைமுறையாகக் கேட்ட சாலைக்கு இப்போது பணி தொடங்கியிருக்கிறது. அது சீக்கிரம் முடிய வேண்டும்.

சாலை வந்ததும் பழைய தடத்தில் கால் படாது. இரண்டு மழைக்காலத்தில் முள் மூடிவிடும். அதற்குள் அந்தத் தடத்தையும் வனத்துறை தன் பட்டியலில் சேர்த்து, வழிகாட்டும் வேலையை அந்த ஊர் இளைஞர்களுக்கே கொடுக்க வேண்டும். சேலத்திலும் நாமக்கல்லிலும் நடக்கிறவர்கள் இதை மாவட்ட நிர்வாகத்திடம் மனுவாக எழுதிக் கொடுக்கலாம்.